உப்புத் தண்ணி குடித்த ஜெட் எஞ்சின்: கரையிலேயே பார்ப்பதா, கராஜுக்கு ஏற்றுவதா?

பம்பால் தண்ணியை உறிஞ்சிப் பின்னால் பீச்சி ஓடும் ஜெட் போட்டின் எஞ்சினுக்குள் கடல் தண்ணி போய்விட்டது என்று யாழ்ப்பாணத்தில் வாய் திறந்தால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். பொறி தருகிற பிளக்கைக் கழற்றித் தண்ணியைத் தள்ளிவிட்டு அங்கேயே ஸ்டார்ட் பண்ணு என்பார் ஒருவர். கை வைக்காதே, கராஜுக்கு ஏற்று என்பார் இன்னொருவர். நல்ல தண்ணிக்குள் தாட்டு வை என்று மூன்றாம் ஆள் சொல்ல, இவருக்கு விசர் என்று நினைக்கத் தோன்றும். நாலாமவர், இனி அது சரிவராது, பழைய எஞ்சின் ஒன்று பார் என்று கொழும்பு நம்பர் ஒன்றைத் தருவார். நாலு பேச்சிலும் விஷயம் இருக்கிறது. எந்த எஞ்சின், தண்ணி போய் எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்துத்தான் எது சரி என்று சொல்லலாம். நான் முதலாமவர் கட்சி. அதற்கு இரண்டு நிபந்தனை: பெற்றோலோடு ஒயிலையும் சேர்த்து எரிக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினாக இருக்கவேண்டும், சில மணித்தியாலங்களுக்குள் வேலை தொடங்கவேண்டும்.

குருநகர், பாசையூர், மயிலிட்டிக் கரைகளில் படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போட் எஞ்சின் பார்க்கத் தெரிந்த கைகள் தாராளமாக இருக்கின்றன. அந்த அனுபவத்தில் பாதி ஜெட்டுக்கும் செல்லும், பாதி செல்லாது. 15 குதிரைவலு அவுட்போட் தண்ணிக்குள் விழுந்தால் இரண்டு பேர் தூக்கிக் கரையில் போட்டுவிடலாம். சரித்துப் பிடித்தால் பிளக் ஓட்டை கீழ்நோக்கும், தண்ணி தானாக வடியும். ஜெட் எஞ்சின் போட்டின் வயிற்றுக்குள் போல்ட் அடித்து இருக்கிறது. பிளக்குகள் மேலே பார்த்தபடி இருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே கிராங் சுழலும் அறை அடைத்த பெட்டி; அதன் அடியில் தேங்கிய தண்ணி தானாக வெளியே வராது. எஞ்சினைச் சுழற்றித்தான் தள்ளவேண்டும்.

அதற்கு முன்னால், தண்ணி எந்த வழியால் வந்தது என்று தெரியவேண்டும். அடித்தக்கையைப் பூட்ட மறந்து போட் நிரம்பியதா, அலையில் கவிழ்ந்ததா, சைலன்சர் வழியாகப் பின்னால் ஏறியதா? மூன்றாவதை இங்கே பலர் யோசிப்பதே இல்லை. பண்ணைக்கும் மண்டைதீவுக்கும் இடைப்பட்ட ஆழமில்லாத பரவைக் கடலில் ஜெட் ஓடினால் சாதாளை வந்து உறிஞ்சும் வாயை அடைக்கும். எஞ்சின் நிற்கும். அந்தப் பக்கமாக வந்த மீன்பிடி வள்ளம் கயிறு கட்டி இழுக்கும். உதவி செய்பவர் முழு வேகத்தில் இழுப்பார், சீக்கிரம் கரை சேர்க்கிற நல்லெண்ணத்தில். ஆனால் ஜெட் எஞ்சின் பலவற்றில் குளிரூட்டும் தண்ணி பம்ப் அழுத்தத்தால்தான் ஏறுகிறது. வேகமாக இழுத்தால், எஞ்சின் ஓடாவிட்டாலும் அதே குழாயால் தண்ணி ஏறும். வெளியே ஊதித் தள்ளப் புகை இல்லை. சைலன்சர் நிரம்பி, எக்ஸோஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் வந்துவிடும். நடந்து வருகிற வேகத்தில் இழுக்கச் சொல்லுங்கள்; அல்லது பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயை நெரித்துக் கட்டுங்கள்.

கவிழ்ந்த போட்டை நிமிர்த்துவதிலும் ஒரு பக்கம் உண்டு. பல மொடல்களில் எந்தப் பக்கமாகப் புரட்டவேண்டும் என்று பின்புறத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். மாறிப் புரட்டினால் சைலன்சரில் நின்ற தண்ணியும் எஞ்சினுக்குள் இறங்கும்.

கரையில் வைத்தே பார்ப்பது

இதன் பெரிய பலம் நேரம். கடல் தண்ணி ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. கோடையில் பரவைக் கடல் வற்றும்போது அதிலும் கூடும். ஆனையிறவில் உப்பு விளைவது சும்மாவா? தண்ணிக்குள் இருக்கும் வரை பெயாரிங் அவ்வளவு கெடாது. தண்ணியும் உப்பும் காற்றும் சேரும்போதுதான் துரு வேகமாகப் பிடிக்கிறது. போட்டை மேலே இழுத்து, மூடியைத் திறந்து, இரண்டு நாள் வெயிலில் காயட்டும் என்று விடுவதுதான் செய்யக்கூடிய ஆகப் பெரிய கெடுதல். தண்ணி ஆவியாகும், உப்பு உள்ளேயே ஒரு குட்டி உப்பளமாக மிஞ்சும். இந்த யோசனையை மேலே சொன்ன நாலு கட்சியிலும் நான் சேர்க்கவில்லை.

ஒரு மெக்கானிக் அண்ணை சொல்வார்: "தம்பி, சாவியைத் தொடாதை. முதல் பிளக்கைக் கழட்டு, பிறகு கதை." காரணம் சின்னக் கணக்கு. 700 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 350 சிசி. அழுத்த விகிதம் 7:1 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 58 சிசி அளவுதான். அதற்கு மேல் தண்ணி நின்றால், தண்ணி நசுங்காது, கனெக்டிங் ராட் வளையும். நாலு மேசைக்கரண்டித் தண்ணி போதும். பிளக் கழற்றாமல் செல்ப் அடிப்பது அந்தச் சூதாட்டம்.

பிளக் கழற்றியதும் வயர்களை எஞ்சின் உடம்பில் எர்த் பண்ணவேண்டும். தண்ணியோடு பெற்றோல் ஆவியும் பீச்சி வரும். அந்த இடத்தில் பொறி பறந்தால் தீதான். இக்னிஷன் பெட்டியும் கெடலாம். மூடியைத் திறந்து காற்றாட விட்டு, பிளக் ஓட்டைக்கு நேரே முகத்தை வைக்காமல், திரொட்டிலை முழுக்கத் திறந்து சில செக்கன் செல்ப் அடித்து நிறுத்துங்கள். முதல் அடியில் ஊற்றுப்போலப் பாயும், பிறகு தூறலாகும், பிறகு வெண்புகைபோல ஈரம் மட்டும் வரும். செல்ப் மோட்டரை இடையிடையே ஆற விடவேண்டும். அது எரிந்தால் கரையில் பார்க்கிற வேலை அத்தோடு முடிந்தது.

இதற்குப் பிறகு உள்ளே எண்ணெய் போகவேண்டும். எந்த எண்ணெய் என்பதில்தான் ஆளாளுக்குச் சண்டை. மண்ணெண்ணெய் எந்தக் கரையிலும் கிடைக்கும், உப்புக் கசடைக் கழுவும், ஆனால் வழுவழுப்புப் போதாது. அதோடு மட்டும் நிறுத்தினால் பெயாரிங் வெறுமையாக நிற்கும். டீசல் அதைவிட நல்லது. டப்ளியூடி 40 தண்ணியை விலக்கவென்றே 1953 இல் உருவான சாமான்; வயர் இணைப்புகளுக்கும் வெளிப்புறத்துக்கும் அருமை, கிராங் அறைக்கு அது மட்டும் காணாது. நான் டீசலால் கழுவி, பிறகு ஒவ்வொரு பிளக் ஓட்டையாலும் காபரேட்டர் வாயாலும் டூ ஸ்ட்ரோக் ஒயில் தாராளமாக விட்டு மறுபடி சுழற்றுவதற்கே வாக்களிப்பேன். காசு குறைவு, பொருள் கையில் இருக்கும்.

பெற்றோல் தாங்கியிலும் தண்ணி போயிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் விட்டு வைத்தால் பெற்றோல் மேலே நிற்கும், தண்ணி கீழே கோடு போட்டதுபோலப் பிரியும். காபரேட்டரின் கிண்ணம், பில்டர், குழாய் எல்லாம் வடிக்கவேண்டும். ஒயில் தனித் தாங்கியில் இருக்கும் மொடலானால் அதையும் பாருங்கள். புதுப் பெற்றோலில் வழக்கமான 50:1 (பெற்றோல் 50 பங்குக்கு ஒயில் ஒரு பங்கு) கலவைக்குப் பதில் 25:1 கலந்து, புது பிளக் போட்டு ஸ்டார்ட் பண்ணலாம். புகை கண்ணை மறைக்கும், பரவாயில்லை. பிடித்துக்கொண்டால் தரையில் வைத்து உறுமவிடாமல் தண்ணிக்குள் இறக்கிக் கால் மணித்தியாலமாவது பாரத்தோடு ஓட்டவேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் ஈரத்தை விரட்டுவது அந்தச் சூடுதான்.

பிறகு எஞ்சினை நல்ல தண்ணியால் கழுவுவது. இதில் வரிசை முக்கியம்: எஞ்சின் முதல், குழாய்த் தண்ணி பிறகு. நிறுத்தும்போது தண்ணி முதல், எஞ்சின் பிறகு. மாறிச் செய்தால், இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய தண்ணி சைலன்சர் வழியாகத் திரும்ப வந்து உட்காரும்.

இந்த வழியின் பலவீனம் ஒன்று உண்டு. பற்றரியைச் சார்ஜ் பண்ணும் சுருள் இருக்கிற பிளைவீல் மூடிக்குள் போன தண்ணி இதனால் வெளியேறாது. எஞ்சின் ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் அந்த மூடியை யாரும் திறப்பதில்லை. சில மாதம் கழித்து உள்ளே துரு உதிர்ந்து, சார்ஜ் நின்று, பிறகு ஸ்டார்ட்டும் நிற்கும்.

போர் ஸ்ட்ரோக் என்றால் நான் கட்சி மாறுவேன்

ஒயில் எஞ்சினுக்குள் தனியாக நிற்கும் போர் ஸ்ட்ரோக்கில் பிளக் கழற்றிச் சிலிண்டர் தண்ணியைத் தள்ளும் வரை இதே வேலைதான். அதற்கு மேல் கராஜ்காரர் சொல்வதே சரி. தண்ணி ஒயிலில் கலந்திருக்கும்; ஒயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை இழுத்தால் வெள்ளையாகக் கலங்கித் தெரியும். அந்த ஒயிலோடு ஓட்டினால் பெயாரிங் போகும். போட்டின் வயிற்றுக்குள் வடிகால் தக்கைக்குக் கை எட்டாதபடியால் ஸ்டிக் குழாயால் உறிஞ்சி எடுக்கவேண்டும். புது ஒயில், புது பில்டர், கொஞ்ச நேர ஓட்டம், மறுபடி உறிஞ்சல். கலங்கல் போகும்வரை இதே சுற்று. ஒயில் செலவே கைகடிக்கும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர் சார்ஜர் வைத்த எஞ்சின் என்றால் கரையில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

நல்ல தண்ணிக்குள் தாட்டு வைப்பது

விசர்க் கதைபோல இருந்தாலும் இதில் தர்க்கம் பிழையில்லை. உடனே வேலை செய்ய முடியாவிட்டால் காற்றுப் படாமல் வைத்திரு என்பதுதான் அதன் பொருள். நெடுந்தீவில் அவுட்போட் ஒன்று பின்னேரம் தண்ணி குடித்து, அடுத்த நாள் படகில் குறிகட்டுவானுக்கு ஏற்றவேண்டுமென்றால் பெரிய பீப்பாய்க்குள் நல்ல தண்ணி நிரப்பித் தாட்டு வைப்பது வெயிலில் வைப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் எந்தத் தண்ணி? தீவுப்பகுதிக் கிணறுகள் பலதும் சவர். கரையோரக் கிணறுகளும் கோடையில் அப்படித்தான். நாக்கில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் அந்தப் பீப்பாயால் பெரிய பயன் இல்லை. மழைத் தண்ணி சேர்த்து வைத்திருந்தால் அதைப் பாவியுங்கள்.

ஜெட் எஞ்சினை இப்படித் தாட்ட முடியாது, போட்டோடு சேர்த்துத்தான் தாட்டவேண்டும். அதற்குப் பதில், தண்ணியைத் தள்ளிய பிறகு பிளக் ஓட்டை வழியாக டீசலோ ஒயிலோ நிரப்பி மூடி வைக்கலாம். ஸ்டார்ட் பண்ணுமுன் அதையும் முழுக்க வெளியே தள்ளவேண்டும், டீசலும் நசுங்காது.

பிரித்துப் பார்ப்பதும் பழைய எஞ்சினும்

ஒரு இரவு கடந்துவிட்டதா? கையால் சுழற்றும்போது உள்ளே மணல் அரைபடும் உணர்வு வருகிறதா? இரண்டு சிலிண்டருக்கும் கம்பிரஷன் (உள்ளே எழும் அழுத்தம்) அளந்தால் 10 வீதத்துக்கு மேல் வித்தியாசமா? அப்போது கரை வைத்தியம் காலத்தைக் கடத்துவது மட்டும்தான், பிரிக்கவேண்டும். டூ ஸ்ட்ரோக் கிராங் பல துண்டுகளை அழுத்திச் சேர்த்த சாமான். பெயாரிங் மாற்றப் பிரஸ் வேண்டும், மாற்றிய பிறகு கோட்டம் பார்த்து நேராக்கவும் தெரியவேண்டும். அவுட்போட் கிராங் செய்து பழகிய கராஜா என்று கேளுங்கள். மோட்டார் சைக்கிள் மட்டும் பார்க்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். சாமான் விஷயத்திலும் அவுட்போட்டுக்குக் கிடைப்பதுபோல ஜெட்டுக்கு இங்கே கிடைக்காது, சொல்லி எடுக்கவேண்டிவரும்.

சாமானும் கூலியும் சேர்ந்து எஞ்சின் விலையை நெருங்கும்போதுதான் நாலாமவர் தந்த நம்பருக்கு வேலை. பழைய எஞ்சின் வாங்கினால் பிளைவீல் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே செம்மண் நிறமாக இருந்தால் அதுவும் உங்களுடையதைப்போலத் தண்ணி குடித்ததுதான், விட்டுவிட்டு வாருங்கள். சுத்தமாக இருந்தால் கம்பிரஷன் அளந்து எடுக்கலாம். பழையதைக் கழற்றும்போது ஒவ்வொரு மவுண்டுக்குக் கீழும் இருந்த மெல்லிய தகடுகள் எந்த மூலையிலிருந்து வந்தவை என்று எழுதி வைக்கவேண்டும். எஞ்சினும் பம்ப் சாப்டும் ஒரே நேர்கோட்டில் வருவது அந்தத் தகடுகளால்தான். புது எஞ்சினைப் பூட்டியதும் அந்த நேர்கோட்டை மறுபடி அளந்து பார்க்காமல் போட்டைத் தண்ணியில் இறக்கவேண்டாம். கோணலாக நின்றால் சாப்ட் சீல் தேய்ந்து, போட்டுக்குள் தண்ணி வர அதுவே புது வழியாகிவிடும்.