இளைஞர் சேனலில் இத்தனை வில்ஸ்பெர்க் எதற்கு? – இசட்.டி.எஃப். நியோ அனுபவம்

ஃபிராங்ஃபர்ட்டில் புதிதாக வீடு எடுத்த நண்பர் கேட்டார்: "மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் எப்படியும் போகுது. நியோவைப் பார்த்தா அது கட்டுப்படியாகுமா?" நியோ என்பது, அந்தக் கட்டணத்தில் நடக்கும் ஜெர்மன் பொது ஒளிபரப்பு நிறுவனமான இசட்.டி.எஃப்.இன் இளைஞர் சேனல். வீட்டில் டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு கட்டணம் உண்டு என்பதால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில், டிவியில் ஓடும் நியோவைக் கேட்கிறாரா, மெடியாதேக்கில் (இசட்.டி.எஃப்.இன் இணையவழிப் பார்வைத் தளம்) இருக்கும் நியோவைக் கேட்கிறாரா என்பதைப் பொறுத்தது.

டிவியில் ஓடுவதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. 25 முதல் 49 வயதுக்காரர்களுக்கு என்று சொல்லி, 2009 நவம்பர் 1 அன்று பழைய ஆவணப்படச் சேனலான டோக்குகனாலை மூடிவிட்டுத் தொடங்கிய சேனல் இது. தொடக்கத்தில் துணிச்சல் இருந்தது. முன்னோட்ட நிகழ்ச்சிகளைப் போட்டு, எது தொடர வேண்டும் என்று நேயர்களையே வாக்களிக்க விட்ட டிவிலேப், நையாண்டிக் கலைஞர் யான் பியோமர்மான் 2013இல் தொடங்கிய நியோ மாகசீன் எல்லாம் இங்கிருந்து வந்தவை. பியோமர்மான் பேர் வாங்கியதும், வளர்ந்த பிள்ளையைப் பாட்டி வீடு கூட்டிக்கொண்டு போன மாதிரி, பெரிய இசட்.டி.எஃப். அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

இப்போது இரவு 8.15க்கு நியோவைப் போட்டால் பல நாள் வில்ஸ்பெர்க். மியூன்ஸ்டர் நகரில் பழைய புத்தகக்கடை நடத்திக்கொண்டே துப்பறிகிறவரைப் பற்றிய இந்தத் தொடர் 1995இலிருந்து வருகிறது. ஒரு படம் ஒன்றரை மணி நேரம். அது இல்லையென்றால் இன்ஸ்பெக்டர் பார்னபி என்ற பிரிட்டிஷ் துப்பறியும் தொடர், பகலில் பழம்பொருள் ஏலம். காரணம் ரகசியமில்லை. தாய்ச் சேனலின் அலமாரியில் இருப்பதைத் திரும்பப் போடப் புதுச்செலவு அதிகமில்லை, கொலைக்கதைக்கு வயதானவர்கள் கூட்டமாக வருவார்கள், பார்வையாளர் பங்கும் ஏறும். ஆனால் ஏறிய பங்கில் இளைஞர் எத்தனை பேர்? வில்ஸ்பெர்க் மோசமான தொடர் இல்லை, அதற்குரிய வீடு இது இல்லை, அவ்வளவுதான்.

நியாயமாகச் சொன்னால், மறுஒளிபரப்புகளுக்கு நடுவே ஒரு சந்தோஷம் ஒளிந்திருக்கிறது: வெளிநாட்டுத் தொடர்கள் பலவற்றுக்கு மூல மொழி ஒலித்தடம் கூடவே வருகிறது. ரிமோட்டில் ஆடியோ பொத்தானை அழுத்தினால் 'டெய்', 'மிஸ்', 'முல்' என்று சுருக்கங்கள் வரும். முதலாவது ஜெர்மன், இரண்டாவது பார்வையற்றோருக்கான விவரிப்பு, 'முல்'தான் அசல் ஒலி. அதைத் தேர்ந்த பிறகும் ஜெர்மனுக்கே திரும்புகிறதென்றால், ஒலி அமைப்பில் டால்பிக்கு (பல ஸ்பீக்கர் ஒலி வடிவம்) முன்னுரிமை கொடுத்திருப்பீர்கள். டால்பி தடத்தில் வருவது ஜெர்மன். முன்னுரிமையை அணைத்துவிட்டு மறுபடி தேர்ந்தெடுங்கள். டெலிடெக்ஸ்ட் பக்கம் 777இல் ஜெர்மன் வசனவரிகள் கிடைக்கும். காதில் ஆங்கிலம், கண்ணில் ஜெர்மன் என்று வைத்துப் பார்ப்பது மொழி படிக்கிறவர்களுக்கு நல்ல பயிற்சி. வசனவரி டப்பிங் வசனத்தை ஒட்டியே வரும். சொல்லுக்குச் சொல் பொருந்தாது. விளம்பர இடைவேளையே கிடையாது என்பதும் சின்ன விஷயமில்லை.

டிஷ் வைத்திருப்பவர்கள் அஸ்ட்ரா செயற்கைக்கோளில் (19.2 டிகிரி கிழக்கு) அலைவரிசை 11362, முனைவாக்கம் கிடைமட்டம், சிம்பல் ரேட் 22000 என்று தேடலாம். எஸ்டி (குறைந்த தெளிவுத்திறன்) ஒளிபரப்பு 2025 நவம்பரில் நின்றுவிட்டதால் பழைய எஸ்டி ரிசீவரில் எத்தனை முறை தேடினாலும் வராது. பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

நியோவின் சொந்தத் தயாரிப்புகளுக்கு மெடியாதேக்கே சரியான இடம். வட கடல் தீவு ஒன்றில் கொள்ளைநோய் பரவும் ஸ்லோபார்ன் 2020 ஜூலையில் வந்தது. கொரோனாவுக்கு முன்பே எடுத்து முடித்தது என்று நம்புவது கடினம். இதுபோன்றவை பெரும்பாலும் மொத்தப் பருவமாக முதலில் மெடியாதேக்கில் ஏறிவிடும். டிவிக்காகக் காத்திருந்தால் நள்ளிரவைத் தாண்டும். ஒரு தொல்லை: 16 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை இரவு 10 முதல் காலை 6 வரைதான் திறக்கும். 'மைன் இசட்.டி.எஃப்.' கணக்கில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து வயதை ஒருமுறை உறுதிசெய்து, ரகசியக் குறியீட்டு எண் (PIN) வைத்துக்கொண்டால் பகலிலும் பார்க்கலாம். ஜெர்மனிக்கு வெளியே போனால் வாங்கிப் போடும் தொடர்கள் பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும். பயணத்துக்கு முன் மெடியாதேக்வியூ என்ற இலவச மென்பொருளில் வசனவரியோடு சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள். உரிமக் காலம் முடிந்தால் தொடர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஐந்துக்கு இரண்டுதான் தருகிறேன். பொது ஒளிபரப்பின் சிறு சேனல்களைக் குறைக்கச் சொல்லும் மாநிலங்களின் சீர்திருத்த ஒப்பந்தம் வந்தபோது கூட, நியோவுக்காக வாதாட எனக்கு வாய் வரவில்லை. நண்பருக்குச் சொன்னது இது: மெடியாதேக் செயலியை டிவியில் போட்டு, வயதுச் சரிபார்ப்பை இன்றே முடித்துவிடுங்கள். சேனல் பட்டியலில் நியோவை நாற்பதாவது எண்ணுக்குத் தள்ளிவிடலாம். உங்கள் அம்மா ஊரிலிருந்து வந்து தங்கும்போது வேண்டுமானால் மேலே கொண்டுவாருங்கள், பார்னபி அவருக்குப் பிடிக்கும்.