நாலு கட்டம் அச்சடித்தது, அஞ்சாவது நான் போட்டது

வீட்டுக்காரருக்கு வேலை போகவில்லை, சம்பளம்தான் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வாடகைக்கும் கடன் தவணைக்கும் அது தெரியுமா? அந்த வாரம் வாங்கியதுதான் இந்த ‘ககேபோ’ நோட்டு. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு வீட்டுக் கணக்குப் புத்தகம் என்று அர்த்தம், அவ்வளவுதான். 1904-ல் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் வெளியிட்ட கணக்குப் புத்தகத்திலிருந்து பரவிய முறை. பத்து மாதமாக எழுதுகிறேன்.

இதற்கு முன் போனில் ஒரு செயலி வைத்திருந்தேன். வங்கிக் கணக்கோடு இணைத்துவிட்டால் செலவைத் தானே பிரித்து, கலர் கலராக ஒரு வட்டம் போட்டுக் காட்டும். பார்ப்பேன், மூடிவிடுவேன். யாரும் பார்க்காத ஒரு வீடியோ சந்தா இரண்டு வருடமாக அதில் ‘பொழுதுபோக்கு’ என்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதையே நோட்டில் என் கையால் மூன்றாவது மாதமாக எழுதும்போது பேனா நின்றது. அன்றைக்கே நிறுத்தினேன்.

மாதத் தொடக்கப் பக்கத்தில் வருமானம், கட்டியே ஆகவேண்டிய செலவுகள், சேமிப்புக்கு எடுத்துவைப்பது. போக மிச்சம்தான் கைச்செலவு. அப்புறம் வாரத்துக்கு ஒரு பக்கம், அதில் நாலு கட்டம்: தேவை, ஆசை, பண்பாடு, எதிர்பாராதது. புத்தகம், பாட்டு வகுப்பு எல்லாம் பண்பாடு. மகன் ஒருநாள் பென்சிலில் ‘கலர் பேனா - தேவை’ என்று எழுதி வைத்திருந்தான். ஆசைக் கட்டத்துக்கு மாற்றினேன். ஒரு சின்ன விசாரணையே நடந்தது.

என்னை அசரவைத்தது ‘எதிர்பாராதது’ கட்டம்தான். முதல் நாலு மாதம் அதில் எழுதியதை வரிசையாகப் படித்தால், காப்பீட்டுப் பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி சர்வீஸ். இதில் எது எதிர்பாராதது? எல்லாம் தேதி சொல்லிவிட்டு வருகிறவைதான். இப்போது வருடக் கட்டணங்களைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் தனியாக எடுத்துவைக்கிறேன். அந்தக் கட்டத்தில் போன மாதம் ஒரே ஒரு வரி, பல் வலி.

குறையும் உண்டு. தாள் மெல்லிசு, பேனா மை பின்பக்கம் தெரிகிறது. கிரெடிட் கார்டுக்கு எங்கேயும் இடமே விடவில்லை. வாங்கிய அன்றைக்கு எழுதுவதா, பில் கட்டும் அன்றைக்கா? முதல் மாதம் இரண்டு தடவையும் எழுதி, இல்லாத செலவுக்கு அழுதேன். இப்போது வாங்கிய அன்றைக்கு மட்டும்தான். பழைய பாக்கிக்கு வட்டியோடு கட்டுவதைத் தவணைகளோடு முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும் என்பதால் கொஞ்சம் சேர்த்தே கட்டுகிறேன்.

நோட்டில் இல்லாத ஒன்றை நானே ஸ்கேல் வைத்துப் போட்டேன்: நேரம். சம்பளம் குறைந்ததும் சனிக்கிழமைகளில் கூடுதல் வேலை எடுத்திருந்தேன். அந்த நாட்களின் செலவை மட்டும் பிரித்து எழுதிப் பார்த்தேன். போக்குவரத்து, மகனைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுப்பது, சமைக்கத் தெம்பில்லாமல் வெளியே வாங்கும் சாப்பாடு எல்லாம் போக, சம்பாதித்த நூற்றில் கையில் நின்றது ஐம்பத்தெட்டு. சரி, அதுவும் பணம்தானே என்று நினைத்தேன். பயணத்தையும் சேர்த்துப் பதினோரு மணி நேரத்தால் வகுத்தபோதுதான் சுருக்கென்றது. வாரநாளில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை.

வீட்டுக்காரரிடம் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். “அப்போ நீ ரெண்டு சனிக்கிழமை வீட்ல இரு. மத்த ரெண்டுக்கு நான் இவனைப் பாத்துக்கறேன், சமையலும் என்னுது” என்றார். ஆள் வைக்கும் செலவும் வெளிச்சாப்பாடும் அந்த வரியோடு போயின. ஒரு மாதம் சேமிப்பில் சறுக்கினோம், அடுத்த மாதம் சமாளித்துவிட்டோம்.

தினமும் ஐந்து நிமிடம், மாதக் கடைசியில் இருவரும் உட்கார அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் வாங்கலாம். மாதத்துக்கு மாதம் வருமானம் ஏறி இறங்குகிறவர்களுக்கு அந்த முதல் பக்கம் தலைவலி. நான் அடுத்த வருடத்துக்குத் தாள் கனமான சாதாரண நோட்டு ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன். ஸ்கேல் வீட்டிலேயே இருக்கிறது.