அசல் காரா, மாற்றியமைத்த காரா?

பழைய கார் ஒன்றை அடையாளமே தெரியாத அளவுக்கு மாற்றினால் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். அசலை நேசிப்பவர்கள் முதலில் தேடுவது எஞ்சின் நம்பரை. தொழிற்சாலையில் பொருத்திய எஞ்சின் இல்லையென்றால் மனம் உடைந்துபோகிறார்கள். நியாயமான வருத்தம்தான், வெட்டிய பாடியை மறுபடி அசலாக்க முடியாது.

சரி, மாற்றியமைத்து ஓட்டுபவர்கள் என்ன சொல்கிறார்கள்? பழைய காரின் டிரம் பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். டிஸ்க் பிரேக் போட்டால் மலை இறக்கத்தில் நம்பி இறங்கலாம். பழைய போர்ஷே கார்களை மாற்றியமைக்கும் சிங்கர் நிறுவனம், 964 எனப்படும் பழைய தலைமுறை போர்ஷே 911-ஐ எடுத்து, எடை குறைந்த கார்பன் ஃபைபர் பாடி போடுகிறது. ஆனால் 911-இன் உருவத்தை விட்டுக்கொடுப்பதில்லை. அந்த மாதிரி வேலையைப் பார்த்தால் எனக்குக் கோபமே வராது.

துருப்பிடித்து, எஞ்சின் போன காரை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். முதல் பெயின்ட்டோடு பிழைத்திருக்கும் அரிய காரில் மட்டும் கை வைக்காதீர்கள்.