லாரித் தண்ணீரா, ஆழ்துளைப் போரா, ஊருணியா?

வறட்சி, புயல் என்று எதற்கு நிவாரணப் பணம் திரட்டினாலும் அதில் பெரும்பகுதி தண்ணீருக்குப் போகிறது. காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றை மனதில் வைத்து, லாரித் தண்ணீர், போர் என்கிற ஆழ்துளைக் கிணறு, மழைநீர் தேங்கும் ஊர்க்குளமான ஊருணி என்ற மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

லாரியின் பலம் வேகம். 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடையில் எங்கள் தெருவில் விடியும் முன்பே குடங்கள் வரிசை கட்டி நிற்கும். ஆள் வீட்டில் இருப்பார், குடம் இடம் பிடித்திருக்கும். லாரி வந்த அரை மணியில் தெருவே மூச்சு விடும். சரி, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நாலு மைல் தள்ளி யாரோ ஒருவர் தோட்டத்துப் போரிலிருந்து. நம் தாகத்தைத் தீர்க்க அடுத்த ஊர்க் கிணற்றை வற்ற வைக்கிறோம். பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டும். பாக்கெட் தண்ணீரோ வேண்டவே வேண்டாம். காலி உறைகள் காற்றில் பறந்து, ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக் கால்வாயில்தான் போய் அடைகின்றன.

போர் போட்டால் நிரந்தரத் தீர்வு என்று நினைக்கிறோம். 2018 நவம்பர் 16 கஜா புயல் அந்த நினைப்பை உடைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. நிலத்தடியில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு அலைந்தார்கள். கயிறும் வாளியும் கிடந்த கிணறுதான் அன்று கைகொடுத்தது. ஆபத்து வரும்போது எது முதலில் ஓடாமல் நின்றுபோகும் என்று யோசிக்காமல் செய்யும் உதவி இப்படித்தான் முடியும்.

ஊருணிக்கு ஒரு கணக்கு போடுவோம். நிவாரணப் பணிக்கான ஸ்பியர் கையேடு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. ஆயிரம் பேருக்கு 15,000 லிட்டர், அதாவது பத்தாயிரம் லிட்டர் லாரியில் தினமும் ஒன்றரை நடை. 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள ஊருணி நிரம்பினால் 50 லட்சம் லிட்டர். வெயிலுக்கும் மண்ணுக்கும் பாதி போனாலும் மீதி ஐந்து மாதத்துக்கு மேல் வரும். குடிக்க எடுத்தால் வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். கால்நடைக்கும் துவைக்கவும் அப்படியே போதும்.

செட்டிநாட்டு வீடுகளில் கூரை முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். அண்டா நிரம்பிய பிறகு மிச்ச மழை தெருவழியே ஊருணிக்குப் போகும். முன்னோர் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட நினைவில்தான் வீடுகளை உயரமாகக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த அமைப்பு இன்னும் இருக்கிறது. அடைபட்டுக் கிடப்பது வரத்துக் கால்வாய்தான்.

தூர்வாரும்போதும் தப்பு நடக்கும். ஜேசிபியை இறக்கி ஆழமாகத் தோண்டிவிட்டால் அடிக் களிமண் கிழிந்து தண்ணீர் தங்காது. ஊரார் கையால் வண்டலை மட்டும் அள்ளினால் அது வயலுக்கு உரமாகப் போகும், வேலையில்லாத மாதத்தில் கூலியும் கிடைக்கும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பதும் அந்தக் கூலியிலேயே அடங்கட்டும்.

ஆனால் ஊருணி இன்றைய தாகத்தைத் தீர்க்காது. அதனால் என் முடிவு இது: முதல் சில வாரங்களுக்கு லாரி, அதுவும் தண்ணீர் எடுக்கும் இடத்தைப் பார்த்து. மீதிப் பணம் முழுவதும் வரத்துக் கால்வாய்க்கும் ஊருணிக்கும். புதுப் போருக்கு ஒரு ரூபாயும் தர மாட்டேன். வைகாசியில் வேலை தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் கரை இறுகிவிடும்.