பாலக்கோடு பக்கம் வார இறுதிக் கால்பந்துப் பயிற்சி: பிள்ளைகளை அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி மைதானத்தில் சனி, ஞாயிறு சாயங்காலம் நடக்கிற பயிற்சி இது. என் மகளும் தங்கை மகனும் போகிறார்கள். கட்டணம் கிடையாது. பந்தும் பனியனும் அவர்களே தருகிறார்கள், ஷூ மட்டும் நாம் வாங்க வேண்டும், ஷூ இல்லையென்று எந்தப் பிள்ளையையும் வெளியே நிறுத்துவதும் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அணி பிரிக்கிற விதம். நம்ம பக்கம் பொங்கலுக்கு நடக்கிற கபடிப் போட்டிகளைப் பார்த்திருப்பீர்கள், தெருவுக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம், ஒரே ஒரு பாயிண்டுக்கு வாய்த்தகராறு வந்தால் போதும், ராத்திரிக்குள் இரண்டு பக்கமும் கூட்டம் கூடிவிடும். சேர்ந்து விளையாடினாலே ஒற்றுமை வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளாததற்கு அதுதான் காரணம். இங்கே சீட்டுக் குலுக்கி, ஊர்ப் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள், ஆண், பெண் எல்லாரையும் கலந்து பிரிக்கிறார்கள், அதுவும் வாராவாரம் மாற்றி. போன வாரம் எதிரணியில் மோதியவனுக்கு இந்த வாரம் பாஸ் கொடுத்தாக வேண்டும். 2012 நவம்பரில் சாதிக் கலவரத்தில் நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிந்ததைப் பார்த்த தருமபுரி மாவட்டம் இது. இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே இவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அப்புறம், நடுவர் கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியும் வட்டமாக உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிவு செய்கிறார்கள். முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து, யார் நேர்மையாக ஆடினார்கள் என்று பேசி அதற்கும் புள்ளி போடுகிறார்கள், கோல் அதிகம் அடித்த அணி இதில் தோற்பதும் உண்டு. "நான்தாண்ணா தள்ளினேன், அவன் மேல தப்பில்ல" என்று ஒரு பையன் எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னதை நானே கேட்டேன். 1994 உலகக் கோப்பையில் சேம் சைடு கோல் விழக் காரணமான கொலம்பியா வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாளில் மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டாரே, அதற்குப் பிறகு அந்த நகரத்தில் உருவான முறை இது. முதல் கோலை ஒரு பெண் அடித்தால்தான் மற்ற கோல்கள் கணக்கில் வரும் என்பது அங்கே இருந்த விதி, அதை இங்கேயும் வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் பையன்கள் முணுமுணுத்தார்கள், இப்போது அவர்களாகவே பெண்பிள்ளைகளைத் தேடிப் பந்து தருகிறார்கள்.

குறை நேரத்தில்தான். இருட்டுகிற வேளையில் முடிகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி, ஆனால் அந்த நேரத்துக்கு உள்கிராமத்துக்குப் பஸ்ஸே இல்லையே. தக்காளி சீசனில் அறுவடை, மண்டி என்று அலைகிற அப்பா அம்மாவால் கூட்டிப்போகவும் முடியாது. அதனால் எட்டாவது தாண்டிய பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத மாவட்டத்தில் அந்த வயதுப் பெண்கள்தான் முக்கியமாக மைதானத்தில் இருக்க வேண்டும். விடுமுறை நாளில் கழிப்பறை பூட்டியிருப்பதும் அவர்களுக்குத்தான் பெரிய கஷ்டம்.

காலையில் வைக்கச் சொல்லியும், ஒரு பெண் பயிற்சியாளரைப் போடச் சொல்லியும் சில பெற்றோர் சேர்ந்து கேட்டிருக்கிறோம். புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கிறவர்கள் சேர்க்கும்போதே இந்த இரண்டையும் கேளுங்கள்.