பயணிகளுக்கும் மார்க் போடும் டாக்ஸி ஆப்

கார் சுத்தம், கட்டணம் பரவாயில்லை. என் பிரச்சினை ஆப்பில் என் பெயருக்குக் கீழே நிற்கும் 4.61தான். நாம் ஓட்டுநருக்கு நட்சத்திரம் போடுவதுபோல அவரும் நமக்குப் போடுகிறார். யார், எதற்குக் குறைத்தார் என்று காட்டுவதில்லை. கேட்டால் தானியங்கிப் பதில்தான்.

விளைவு? வேளச்சேரியிலிருந்து எழும்பூர் போகும்போது ஏசி போடச் சொல்லவே யோசிக்கிறேன். இறங்கும்போது ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே கொடுக்கிறேன். கூட வந்த அத்தை, “ஆட்டோக்காரர்கிட்ட அந்தச் சண்டை போடுவியே, இப்ப ஏன்டி வாயே திறக்கலை?” என்றார்.

ஓட்டுநர் பாடு இன்னும் மோசம். மார்க் சரிந்தால் ஆப்பில் அவர் கணக்கு முடங்கும், பிழைப்பே போகும். ஆக, இருவரும் பயந்துபோய் ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொள்கிறோம். அப்புறம் அந்த மார்க்குக்கு என்ன மதிப்பு?

சீனாவில் அலிபாபா குழுமத்தைச் சேர்ந்த ஆன்ட் நிறுவனம் 2015இல் கொண்டுவந்த ஜீமா கிரெடிட், பயனர்களின் நம்பகத்தன்மைக்கு 350 முதல் 950 வரை மதிப்பெண் தருகிறது. நல்ல மதிப்பெண் இருந்தால் முன்பணமில்லாமல் வாடகை சைக்கிள் எடுக்கலாம். (அதற்காக அதுவும் வேண்டாம், சாமி!) இங்கே சலுகைகூடக் கிடையாது, பயம் மட்டும்தான்.

மார்க்கைக் குறைத்தால் காரணம் சொல்லுங்கள், மறுத்துப் பேச ஒரு பட்டன் வையுங்கள். அதுவரை என் பங்குக்கு இரண்டு நட்சத்திரம்.