ஸ்டபீலியாவா, ஹுவர்னியாவா?

ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் இருக்கிறது, இந்த இரண்டு ஆப்பிரிக்கச் செடிகளில் எதை வைக்கலாம் என்று கேட்டால் நான் ஹுவர்னியா செப்ரினா என்றுதான் சொல்வேன். ஸ்டபீலியா ஜைகான்டியாவின் பூவை நேரில் பார்த்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

இரண்டும் கள்ளி போலத் தெரிந்தாலும் கள்ளி இல்லை, எருக்கின் சொந்தம். ஒடித்தால் எருக்கைப் போலப் பால் வராது, தெளிந்த சாறுதான் கசியும். ஆனால் காய் முற்றி வெடித்தால் அதே மாதிரி பஞ்சோடு விதை பறக்கும். நம் வறண்ட குன்றுகளில் முளைக்கும் கள்ளிமுளையானும் இந்தக் கூட்டம்தான். அதைத் துவையல் அரைக்கிறோமே என்று இந்த ஆப்பிரிக்கச் செடிகளில் கைவைத்துவிடாதீர்கள்.

ஸ்டபீலியாவின் பெருமை முழுக்கப் பூவில் இருக்கிறது. மொட்டு பலூன் மாதிரி உப்பிக்கொண்டே போய், ஒருநாள் ஐந்து முனைகளாகப் பிரிந்து விரியும். விரிந்த பூ 25 சென்டிமீட்டருக்கு மேல் போகும், சில 40-ஐத் தொடும். வெளிர் மஞ்சளில் குறுக்காகச் சிவப்புக் கோடுகள், மேலே மெல்லிய ரோமம், கூடவே அழுகிய இறைச்சி நாற்றம். ஈக்கள் ஏமாந்து பூவிலேயே முட்டையிடும். பொரிக்கும் புழுக்களுக்குத் தின்ன ஒன்றுமில்லை, செத்துப்போகும். அதற்குள் ஈயின் உடம்பில் மகரந்தப் பொதி ஒட்டி அடுத்த பூவுக்குப் போயிருக்கும். இவ்வளவு கச்சிதமான ஏமாற்று வேலையை வீட்டிலேயே பார்ப்பது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த நாட்களில் ஜன்னலைத் திறக்க முடியாது!

ஹுவர்னியா பூ சில சென்டிமீட்டர்தான். நடுவில் வார்னிஷ் பூசியது போன்ற தடித்த வளையம், அதைச் சுற்றி வரிக்குதிரைக் கோடு போட்ட ஐந்து இதழ்முனைகள். ஒவ்வொரு இரண்டு முனைக்கும் நடுவே ஒரு குட்டிப் பல் துருத்தி நிற்கும். இந்தப் பேரினத்தை அடையாளம் காண அது போதும். நாற்றம் மிகக் குறைவு, மூக்கை அருகில் கொண்டுபோனால்தான் தெரியும். பூ மண்ணை ஒட்டியே மலர்வதால் தொட்டியைத் தரையில் வைக்காமல் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள்.

வளர்ப்பிலும் ஹுவர்னியாதான் சுலபம். இயற்கையில் புதர் நிழலில் வளர்வது, அதனால் பால்கனியின் அரை வெயில் போதும். ஸ்டபீலியா நன்றாகப் பூக்க இன்னும் வெயில் வேண்டும், படர இடமும் வேண்டும். மொட்டை மாடி இருக்கிறவர்கள் தாராளமாக அதையே வாங்கலாம்.

இரண்டுக்கும் எமன் ஈரம். சரளை அதிகம் கலந்த மண்ணில் வைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். தண்டின் அடி கறுத்தால் யோசிக்காமல் மேல்பகுதியை வெட்டி, சில நாள் காயவைத்து, அப்புறம் புது மண்ணில் நடுங்கள். வேர் விட்டுவிடும். மாவுப்பூச்சி வேரிலும் ஒளிந்திருக்கும் என்பதால் வேரோடு இருக்கும் செடியை நடும் முன் வேரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.